வேலி தந்த கோப்பை!

லண்டனில் ஸோஹோ என்று ஒரு பகுதி. பொழுது சாய்ந்த பிறகுதான் அங்கே பொழுதே விடியும்! 1980-களின் மத்தியில் அங்கிருந்த 'ஃப்ரெட்ஸ் கிளப்' என்கிற மதுக்கூடத்தில் டிக் பிராட்செல் என்றொரு இளைஞர் பார்டெண்டராக இருந்தார். காக்டெய்ல் கலப்பதில் கில்லாடி. ஒருநாள் ஒரு புதுக் கலவையை முயன்று பார்த்தார்.

கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ். அதில் ஜின், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. கடைசியில் பிளாக்பெர்ரி பழத்திலிருந்து செய்த கறுஞ்சிவப்பு மதுவை மேலே மெல்லிய தாரையாக விட்டார். ஐஸ் துண்டுகளின் நடுவே அது நரம்பு நரம்பாகக் கீழே இறங்கியது. முள் குத்திய விரலிலிருந்து ரத்தம் கசிகிற மாதிரி!

அந்தப் பானத்துக்கு 'பிராம்பிள்' என்று பேர் வைத்தார் பிராட்செல். பிராம்பிள் என்றால் பிளாக்பெர்ரி காய்க்கும் முட்புதர். ஐல் ஆஃப் வைட் தீவில் கழிந்த சிறுவயது, வேலியோரம் பழம் பறித்துத் தின்றது, கை காலெல்லாம் கீறிக்கொண்டது... அந்த ஞாபகத்தைத்தான் கோப்பையில் ஊற்றியதாகப் பின்னாளில் சொன்னார். 2016-ல் அவர் இறந்துவிட்டார். பிராம்பிள் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் மதுவைத் தொடாதவரா? தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களைக் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி.

அந்தச் சிறுவன் பழம் பறித்தானே... அந்த மாதிரி வேலிகளை இங்கிலாந்து முழுக்க யார் போட்டது? எதற்காக?

*

இங்கிலாந்தின் கிராமப்புறத்தை சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்ற வயல்கள். ஒவ்வொரு வயலையும் சுற்றி ஆள் உயரத்துக்கு உயிர்வேலி. விமானத்திலிருந்து பார்த்தால் யாரோ பச்சைத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி இருக்கும். 'ஆகா, இயற்கை!' என்று சொல்லத் தோன்றும்.

இயற்கையாவது, ஒன்றாவது! அந்த வேலிகளில் கணிசமான பகுதி பார்லிமென்ட்டில் சட்டம் போட்டு நட்டது.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது? இங்கிலாந்தின் பல கிராமங்களில் விளைநிலம் ஒரே பெரிய வெளியாகக் கிடந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பட்டைகள். நடுவே வேலி கிடையாது. ஊருக்கு வெளியே பொது நிலம். நம்ம ஊர் பாஷையில் மேய்ச்சல் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத கூலிக்காரனும் அங்கே ஒரு பசு மாட்டைக் கட்டலாம், நாலு வாத்து வளர்க்கலாம். சுள்ளி பொறுக்கலாம். புதரில் பழுத்ததைப் பறிக்கலாம். பத்திரம் எதுவும் கிடையாது. 'எங்க தாத்தா காலத்திலேருந்து இப்படித்தான்' என்பதுதான் பத்திரம்.

பெரிய நிலக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. சிதறிக்கிடந்த நிலத்தை ஒன்றாக்கி, பொது நிலத்தையும் பங்குபோட்டு, வேலியடைத்துவிட்டால் விளைச்சல் பெருகும், வாடகையும் எகிறும் என்று கணக்குப் போட்டார்கள். பார்லிமென்ட்டுக்கு மனுப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அவர்களும் நிலக்காரர்கள்தான்! பிறகென்ன... 1604-க்கும் 1914-க்கும் இடையே 5,200-க்கும் அதிகமான வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம். மொத்தம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

சட்டம் நிறைவேறியதும் கமிஷனர்கள் ஊருக்கு வருவார்கள். நிலத்தை அளப்பார்கள். உரிமைக்கு ஆதாரம் காட்டியவனுக்குப் பங்கு உண்டு. 'எங்க தாத்தா காலத்திலேருந்து...' என்று இழுத்தவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஏதோ அரை ஏக்கர் கிடைத்த சின்ன விவசாயிக்கும் ஒரு நிபந்தனை... குறிப்பிட்ட காலத்துக்குள் சொந்தச் செலவில் வேலி போட வேண்டும்! அதற்குப் பணமில்லாமல், கிடைத்த துண்டு நிலத்தையும் பக்கத்துப் பெரிய மனிதருக்கே விற்றவர்கள் ஏராளம்.

வேலிக்கு என்ன செடி? சீக்கிரம் வளர வேண்டும், மாடு புகக்கூடாது, மனிதனும் புகக்கூடாது. அதிகம் நட்டது ஹாதார்ன். கூடவே பிளாக்தார்ன். இரண்டும் முள்மரங்கள். 1750-க்கும் 1850-க்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் மைல் நீளத்துக்கு வேலி நடப்பட்டதாக ஆலிவர் ராக்கம் என்கிற வரலாற்றாசிரியர் கணக்கிட்டார். பூமிப் பந்தை எட்டு முறை சுற்றிக் கட்டலாம்!

*

இந்த வேலிக் கூலியாட்களில் ஒரு பையனை மட்டும் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

நார்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் என்ற கிராமம். 1793-ல் அங்கே ஓர் ஏழைக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தான் ஜான் கிளேர். அவனுக்குப் பதினாறு வயதாகும்போது, 1809-ல், ஹெல்ப்ஸ்டன் வட்டாரத்துக்கு வேலியடைப்புச் சட்டம் வந்தது. அவன் ஓடி விளையாடிய வெளி, ஒதுங்கிய மரம், படுத்துக் கிடந்த ஓடைக்கரை எல்லாம் ஒவ்வொன்றாகப் பறிபோயின.

கொடுமை என்னவென்றால், வயிற்றுப்பாட்டுக்காக கிளேரும் அந்த வேலி போடும் கூலி வேலைக்குப் போனான். தன்னை வெளியே தள்ளும் வேலியைத் தன் கையாலேயே நட்டான்!

1820-ல் அவனுடைய முதல் கவிதைத் தொகுதி வந்தது. 'விவசாயக் கவிஞன்' என்று லண்டன் சீமான்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். சில வருடங்களில் இறக்கியும் வைத்துவிட்டார்கள். வறுமை, மனநோய். 1841-ல் எஸ்ஸெக்ஸில் இருந்த ஒரு மனநலக் காப்பகத்திலிருந்து கிளம்பி, கையில் காசில்லாமல் சுமார் 80 மைல் நடந்தே ஊருக்கு வந்தார் கிளேர். அதே வருடக் கடைசியில் நார்தாம்ப்டன் மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1864-ல் சாகும்வரை அங்கேதான். வேலி வருவதற்கு முந்தைய ஹெல்ப்ஸ்டன் அவருடைய கவிதைகளில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

கவிஞர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்பீர்கள். சரி, ஆர்தர் யங் என்று ஒருவர். விவசாய நிபுணர். வேலியடைப்பால் நாடே செழிக்கும் என்று வருடக்கணக்காக ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தவர். அவரே 1801-ல் என்ன எழுதினார் தெரியுமா? இருபது வேலியடைப்பு மசோதாக்களில் பத்தொன்பதில் ஏழைகளுக்குக் கேடுதான் என்று! விளைச்சல் உயர்ந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. மாடு கட்டியிருந்தவனிடம் இப்போது மாடு இல்லையே, அதற்கு என்ன பதில் என்பதுதான் அவருடைய கேள்வி.

அறுவடை முடிந்த வயலில் சிந்திக்கிடக்கும் கதிரைப் பொறுக்குவது ஏழைகளின் காலங்காலமான வழக்கம். பைபிளே அதை அனுமதிக்கிறது. ஆனால் ஸஃபோக் பகுதியின் டிம்வொர்த் கிராமத்தில் கதிர் பொறுக்கிய மேரி ஹூட்டன் என்ற பெண் மீது வழக்கு வந்தது. 1788-ல் நீதிமன்றம் சொன்னது... பொதுச் சட்டப்படி அப்படி ஓர் உரிமையே கிடையாது!

நிலத்துக்கும் வேலி, கதிருக்கும் வேலி. மிச்சம் என்ன இருந்தது?

வேலிதான் இருந்தது!

*

இங்கேதான் கதை கொஞ்சம் குறும்பாகத் திரும்புகிறது. நிலக்காரர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. முள்ளுக்காக நட்ட மரம் பழமும் காய்க்குமே!

பிளாக்தார்னில் 'ஸ்லோ' என்றொரு பழம் காய்க்கும். கோலிக்குண்டு அளவு, கறுநீல நிறம், மேலே திருநீறு பூசியது போல மெல்லிய சாம்பல் படிவம். பார்க்க அவ்வளவு அழகு. வாயில் போட்டால்..? நன்றாகப் பழுக்காத நாவல்பழத்தைக் கடித்திருக்கிறீர்களா? அந்தத் துவர்ப்பைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். நாக்கு மரத்து, ஈறு சுருங்கி, முகம் அஷ்டகோணலாகிவிடும். அத்தனையும் டானின் செய்யும் வேலை.

பிளாக்பெர்ரியை யாரும் நடக்கூட இல்லை. பறவைகள் எச்சமிட்ட இடத்தில் முளைத்து, வேலிமேல் உரிமையோடு படர்ந்துகொண்டது. அதைப் பறிப்பதற்கும் ஒரு கெடு உண்டு. செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாள். சொர்க்கத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட சாத்தான் நேராக பிளாக்பெர்ரி புதரில் வந்து விழுந்தானாம். முள் குத்திய ஆத்திரத்தில் பழத்தின்மேல் துப்பிவிட்டானாம். அதனால் அந்தத் தேதிக்குப் பிறகு தொடக்கூடாது என்பது கிராமத்து நம்பிக்கை. ஈரமும் குளிரும் சேர்ந்து பழம் பூசணம் பிடிக்கிற நேரம் அது என்பதையும் கவனியுங்கள். பாட்டிகள் சும்மா சொல்வதில்லை!

(இடையில் ஒரு தமாஷ். தாவரவியல் வாத்தியாரிடம் கேட்டால் பிளாக்பெர்ரி 'பெர்ரி'யே இல்லை, ஸ்லோவும் இல்லை என்பார். ஸ்லோ, பிளம் பழத்தின் தம்பி. ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிபர் 'பெர்ரி'யோ பழமே அல்ல, சதைப்பற்றுள்ள கூம்பு! வாத்தியார் சொன்னதைக் குறித்துக்கொண்டு மேலே போவோம்.)

துவர்ப்பில் முகம் சுளிக்க வைக்கும் இந்த ஸ்லோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதலில் யோசித்தவர்கள் ஏமாற்றுப் பேர்வழிகள்! 1703-ல் மெதுவன் ஒப்பந்தம் மூலம் போர்ச்சுகல் ஒயினுக்கு வரிச்சலுகை தந்தது இங்கிலாந்து. 'போர்ட்' ஒயின் மவுசு எகிறியது. உடனே ஸ்லோ சாற்றைக் கலந்து போலி போர்ட் தயாரானது. நிறமும் துவர்ப்பும் கச்சிதமாகப் பொருந்தியதே! இலையையும் விடவில்லை. ஸ்லோ இலையைக் காயவைத்துச் சாயமேற்றித் தேயிலை என்று விற்றார்கள். அதைத் தடுக்க 1777-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 1820-ல் ஃப்ரெடரிக் அக்கும் என்கிற வேதியியலாளர் உணவுக் கலப்படம் பற்றிப் புத்தகம் எழுதியபோது, ஸ்லோ தேயிலை அதில் முக்கியக் குற்றவாளிகளில் ஒன்று.

*

நேர்மையான வழி ஒன்றும் இருந்தது. அதற்கு ஜின் வேண்டும்.

ஜினீவர் என்ற பெயரில் ஹாலந்தில் பிறந்த சரக்கு இது. 1689-ல் டச்சுக்காரரான வில்லியம் இங்கிலாந்து அரியணையில் ஏறியதும், எதிரி நாடான பிரான்ஸின் பிராந்தியை ஒதுக்கிவிட்டு, உள்நாட்டில் சாராயம் காய்ச்ச ஊக்கம் தந்தார்கள். விளைவு பயங்கரம். லண்டனின் ஏழைகள் ஜின்னில் மூழ்கினார்கள். 1734-ல் ஜூடித் டிஃபோர் என்ற பெண் தன் குழந்தையைக் கொன்று, அதன் புதுத்துணியை விற்று ஜின் குடித்த செய்தி ஊரையே உலுக்கியது. 1736-ல் ஜின் விற்க வருடத்துக்கு 50 பவுண்டு லைசென்ஸ் என்று சட்டம் போட்டார்கள். கலவரமும் கள்ளச்சாராயமும்தான் மிச்சம். 1751-ல் வந்த சட்டம்தான் ஓரளவு கடிவாளம் போட்டது. அதே வருடம் ஓவியர் ஹோகார்த் வரைந்த 'ஜின் லேன்' படத்தில், போதையில் கிடக்கும் தாயின் மடியிலிருந்து குழந்தை தவறி விழும். நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தாலும் நெஞ்சு பதறும்.

19-ம் நூற்றாண்டில் ஜின் கொஞ்சம் சுத்தமானது, கௌரவமானது. 1874-ல் சர்க்கரை மீதிருந்த வரியும் ஒழிந்து, ஏழை வீட்டு அலமாரிக்கும் சர்க்கரை வந்தது. வேலியில் பழம் சும்மா கிடைக்கிறது. மூன்றும் சேர்ந்தன. 'ஸ்லோ ஜின்' கிராமத்து வீடுகளுக்குள் குடியேறியது.

செய்முறை? ரொம்ப சுலபம். முதல் பனி விழுந்த பிறகு பழத்தைப் பறிக்க வேண்டும். பனியில் தோல் நைந்து சாறு இறங்கும். (இன்று பொறுமையில்லாதவர்கள் ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்து ஏமாற்றுகிறார்கள்!) ஒவ்வொரு பழத்தையும் குத்த வேண்டும். எதனால்? அதே மரத்தின் முள்ளால் என்பது பழைய சம்பிரதாயம். அகன்ற ஜாடியில் பாதிக்குப் பழம், அதில் பாதி அளவு சர்க்கரை, மேலே ஜின். இறுக மூடி, முதலில் தினமும் ஒருமுறை குலுக்கி, இருட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். ஆல்கஹால் பழத்தின் நிறத்தையும் மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கொட்டையிலிருந்து லேசாக பாதாம் வாசனை இறங்கும். துவர்ப்பைச் சர்க்கரை சமாளித்துக்கொள்ளும். அக்டோபரில் போட்டால் கிறிஸ்துமஸுக்கு மாணிக்க நிறத்தில் தயார்!

வீட்டில் சாராயம் காய்ச்சினால் போலீஸ் வரும். வரி கட்டிய ஜின்னில் பழத்தை ஊறவைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஊறுகாய் மாதிரி இது வீட்டுக்கு வீடு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு நிறுவனங்களும் இறங்கின. பிளைமவுத் ஜின் கம்பெனி தன்னுடையது 1883-ம் வருடத்துச் செய்முறை என்று சொல்லிக்கொள்கிறது. எலுமிச்சையும் சோடாவும் சேர்த்து 'ஸ்லோ ஜின் ஃபிஸ்' என்ற காக்டெய்லாகி அமெரிக்க மதுக்கூடங்களுக்கும் போனது.

இன்னொரு வேடிக்கை. குதிரையேறி நரி வேட்டைக்கும், துப்பாக்கியோடு பறவை வேட்டைக்கும் போகிற சீமான்களின் சட்டைப் பையில் ஒரு வெள்ளிக் குடுவை இருக்கும். குளிருக்கு அவர்கள் உறிஞ்சியது பெரும்பாலும் என்ன? ஸ்லோ ஜின்! தாத்தா மாட்டைத் தடுக்க நட்ட முள், பேரனுக்குக் கதகதப்பானது.

*

ஏழைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தார்கள்? பல ஊர்களில் வேலியைப் பிடுங்கினார்கள், எரித்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். எனக்குப் பிடித்த சம்பவம் 1866-ல் நடந்தது.

லண்டனுக்கு வடமேற்கே பெர்க்காம்ஸ்டட் என்ற ஊர். அங்கே பொது நிலத்தில் 400 ஏக்கருக்கும் மேல் வளைத்து இரும்பு வேலி போட்டார் பிரவுன்லோ பிரபு. அகஸ்டஸ் ஸ்மித் என்பவருக்குக் கோபம் வந்தது. மார்ச் 6-ம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். லண்டனிலிருந்து ஒரு ஸ்பெஷல் ரயில் கிளம்பியது. அதில் 120 கூலியாட்கள், கையில் கடப்பாரை, சுத்தி. ஆட்களை நடத்த வேண்டிய காண்டிராக்டர் கிளம்பும் நேரத்தில் போதையில் சாய்ந்துவிட, வக்கீலின் குமாஸ்தா தலைமையேற்றுக் கூட்டிப்போனார்! விடிவதற்குள் வேலி முழுக்க அக்கக்காகக் கழற்றி, ஒழுங்காக அடுக்கியும் வைத்துவிட்டார்கள்.

காலையில் ஊரே திரண்டு வந்து பார்த்தது. வந்தவர்கள் பொது நிலத்திலிருந்து ஆளுக்கொரு செடிக் கொப்பை ஒடித்துக்கொண்டார்களாம். 'இது எங்களுடையது' என்பதற்கு அத்தாட்சி! வழக்கு நடந்தது. 1870-ல் ஸ்மித் பக்கம் தீர்ப்பு.

*

அதற்குப் பிறகு வேலியின் வாழ்க்கையும் மாறியது. 1918-ல் போர்முனைச் சிப்பாய்களுக்கு ஜாம் செய்ய, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அனுப்பி பிளாக்பெர்ரி பறிக்கச் சொன்னது அரசாங்கம். இரண்டாம் உலகப்போரில் கப்பல்கள் மூழ்க, ஆரஞ்சு வரத்து நின்றுபோனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி வேண்டுமே? 1941 முதல் வேலியோரக் காட்டு ரோஜாவின் காய்களைப் பறித்து சிரப் காய்ச்சினார்கள். யாரையோ வெளியே நிறுத்த நட்ட வேலி, ஒரு தலைமுறையையே ஊட்டி வளர்த்தது.

போர் முடிந்ததும் டிராக்டர்களும் பெரிய எந்திரங்களும் வந்தன. எந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று அதே வேலிகளை மைல் கணக்கில் பிடுங்கினார்கள். பறவைகளும் பூச்சிகளும் குறைந்த பிறகுதான் உறைத்தது. 1997-ல் வேலிகளைக் காப்பாற்ற விதிமுறைகள் வந்தன. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட வேலியைக் கிராமப்புறத்தில் அனுமதியில்லாமல் அகற்றக்கூடாது! ஜான் கிளேர் எழுந்து வந்தால் சிரிப்பாரா, அழுவாரா?

முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி. வேலியில் காய்க்கும் பழம் யாருக்குச் சொந்தம்?

1968-ல் இங்கிலாந்தின் திருட்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது இந்தக் கேள்விக்கு நாலே வரியில் பதில் வைத்தார்கள். எந்த நிலமானாலும் சரி, தானாகக் காட்டுத்தனமாக வளரும் செடியிலிருந்து பூ, பழம், இலை பறிப்பது திருட்டாகாது. விற்பதற்கோ லாபத்துக்கோ பறித்தால் மட்டும் திருட்டு. (அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்தால் அது வேறு வழக்கு, ஜாக்கிரதை!) அதாவது, ஒரு பாட்டி கூடையோடு போய் வீட்டு ஜாடிக்கு ஸ்லோ பறிக்கலாம். காக்டெய்ல் பார் முதலாளி ஆளனுப்பி மூட்டை கட்டினால், நிலக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

68 லட்சம் ஏக்கரை இழந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரு கூடைப் பழம். ரொம்பச் சின்ன உரிமைதான். ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், கையில் கீறலோடும் நாக்கில் கறையோடும் யாராவது ஒருவர் அதை உபயோகித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். உபயோகிக்காத உரிமை என்னவாகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிராட்செலின் கோப்பையில் ஐஸ் நடுவே இறங்கிய அந்தக் கறுஞ்சிவப்பை இப்போது இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.